பதினேழாவது வில்லை

மாலை நாலே காலுக்குப் பர்வீன் தன் பதினேழாவது பிளாஸ்டிக் வில்லையை அச்சிலிருந்து எடுத்தாள். பிளாஸ்டிக்கில் கிராஃபீன் என்னும் மெல்லிய கரித்தூளைக் கலந்து மின்சாரம் பாயவைக்க, அதே ஆய்வகத்தில் மூத்தவளான சுகிர்தா ஐந்து வருடமாகப் போராடுகிறாள். அவள் கலவையில் தூள் கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். பர்வீன் ஆய்வகத்துக்கு வந்து நான்கே மாதம். அவள் வில்லையோ மை போல ஒரே சீராக இருந்தது. சுகிர்தா கட்டிதட்டிய தன் வில்லையை மேசை இழுப்பறைக்குள் தள்ளினாள்.

“எனக்குப் பயமா இருக்குக்கா, நீங்களே வச்சுப் பாருங்க.” பர்வீன் குனிந்து நோட்டில் தேதி எழுதினாள்.

சுகிர்தா மீட்டரின் இரண்டு ஊசிகளையும் வில்லையில் வைத்தாள். எண் வந்தது, மின்சாரம் பாய்கிறது. ஓர் ஊசியை மயிரிழை தூக்கினாள். எண் மறைந்தது.

பர்வீன் நிமிர்ந்து மீட்டரைப் பார்த்தாள். “என்னக்கா, இதுவும் போச்சா? குப்பையில போட்டுரவா?”