கடல் பார்த்த ரூம்

"ஜன்னலத் தொறந்தா கடலு தெரியணும்டா. கட்டிலு, மெத்த எல்லாம் சுத்தமா இருக்கணும்" என்றார் தமிழரசன்.

பாண்டிச்சேரியில் ஒரு லாட்ஜில் வேலை பார்க்கும் சின்னராசு, லீவில் ஊருக்கு வந்திருந்தான். "நியூ இயரு கூட்டமும் போயிடுச்சி, இனிமே மார்கழில எவன் வரான்ணே? கல்யாணம் காச்சி ஒண்ணுங் கெடையாது, லாட்ஜே காத்தாடுது. பாதி வாடகைக்கு நானே புடிச்சித் தரேன். இங்க மாதிரி மலக்குளிரும் அங்க கெடையாது, காத்து எதமா இருக்கும்."

அடுப்பங்கரையில் இருந்த விஜயலட்சுமிக்குக் கை ஓடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து கடலைக் காட்டச் சொல்லிக் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போனவள் அவள். மனுஷனுக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று, காபியில் சர்க்கரையை ஒரு கரண்டி கூடவே போட்டாள்.

சின்னராசு கிளம்பியதும் வந்து நின்றாள். "இன்னாங்க, என்னிக்குப் போறோம்?"

"நாம எங்கடி போறது? தனசேகரனையும் அவன் பொண்டாட்டியையும் அனுப்பப் போறேன்."

விஜயலட்சுமி வாயைப் பிளந்தாள். தனசேகரன் அவருடைய சித்தப்பா மகன். புரட்டாசியில் இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டை மறித்தபோது, சாதிச் சங்கத்து ஆட்களோடு வந்து தமிழரசனின் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டவன். ஊரில் வேறு மரமே இல்லையா? அவன் கரும்புக் கொல்லையிலேயே ரோட்டோரம் இரண்டு நிற்கின்றன.

அப்பா வைத்த மரம் சாய்ந்ததைப் பார்த்து அன்றைக்குத் தமிழரசன் குழந்தை மாதிரி அழுதார். ஆனால் தட்டிக் கேட்க முடியவில்லை. வாயைத் திறந்தால் துரோகி என்று பட்டம் கட்டிவிடுவார்கள். அவரும் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்தான். விழுங்கின ஆத்திரம் இன்னும் செரிக்கவில்லை.

"வர வியாழக்கிழம தனசேகரனுக்குக் கரும்பு வெட்டு. ஆலையிலருந்து ஃபீல்டுமேன் வந்தாரு, அவங்கிட்ட சொல்லிடுங்கன்னு எங்கிட்டதான் சொல்லிட்டுப் போனாரு" என்றார் குரலைத் தாழ்த்தி. "வெட்டாளுங்க வந்து நிக்கச்சொல்ல கொல்லக்காரன் இல்லன்னா, அடுத்த கொல்லைல எறங்கிடுவாங்க. அடுத்தது நம்மளுது. அவனுக்குத் திரும்ப மொற வரதுக்குள்ள கரும்பு பூத்து சக்கையாயிடும். வயிறு எரிஞ்சி சாவட்டும்!"

"அப்ப நான் கடலு பாக்கறது?"

"ஒனக்கு இன்னாடி கடலு? கோமுகி டேமப் போயிப் பாரு. அதுவும் தண்ணிதான்."

அவள் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே தமிழரசன் தனசேகரன் வீட்டுப் படியேறினார். "பழச மறந்துடுவோம் தம்பி. ஒரு நாலு நாளு ரெண்டு பேரும் பாண்டிக்குப் போயிட்டு வாங்க. ரூமுக்குச் சொல்லிட்டேன்."

"வெட்டு ஆர்டரு வந்துடப் போவுதுண்ணே."

"இந்த மாசம் எங்க வருது? வந்தா நான் பாத்துக்கறேன். நீ போயி கடல்ல கால நனச்சிட்டு வா."

தனசேகரனுக்குக் கண் கலங்கிவிட்டது. "மரத்த வெட்னவனுக்கு ரூமு போட்டுத் தரியேண்ணே" என்று கையைப் பிடித்துக்கொண்டான். தமிழரசனும் அந்தக் கையை அழுத்திக் கொடுத்தார். மனசுக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி.

புதன்கிழமை விஜயலட்சுமி பெட்டியை எடுத்தாள். "எங்கம்மாவுக்கு ஒடம்புக்கு முடியலயாம். ரிஷிவந்தியம் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்று சொல்லி, நல்ல புடவைகளாக நாலு அடுக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். இருக்கிற வேலையில் இவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு குறுக்கே நிற்காமல் போனதே நல்லது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையில் தனசேகரன் வீட்டில் தொங்கிய பூட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வெட்டாட்களோடு வந்த மேஸ்திரி பச்சமுத்து, கொல்லைக்காரரைக் காணோமே என்று கொஞ்ச நேரம் தேடினார். பிறகு தமிழரசன் நினைத்தபடியே அரிவாள்கள் அவர் கரும்பில் இறங்கின.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நாலு டிராக்டர் பாரம் கிளம்பியது. முதல் டிராக்டரில் டிரைவர் பக்கத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் போல உட்கார்ந்து போனார் தமிழரசன். வடக்கனந்தல் திருப்பத்தில் வண்டி நின்றது.

ரோட்டின் குறுக்கே வரிசையாக மாட்டு வண்டிகள். நடுவில் சங்கத்துக் கொடியும் கூட்டமும் கோஷமும்.

"மூணு நாளு மறியலாம்ண்ணே, போலீசு தடுக்கும்னு வெளிய சொல்லாம வெச்சிருந்தாங்களாம்" என்றார் இறங்கிப்போய் விசாரித்து வந்த டிரைவர். "நிக்கிற கரும்பு நிக்கும், மறியலு முடிஞ்சி வெட்டிக்கலாம். வெட்டினது மூணு நாளு ரோட்ல காஞ்சா எடை எங்க நிக்கப் போவுது? வெறவுக்குத்தான் ஆவும்."

வருஷம் முழுக்கத் தண்ணீர் கட்டின கரும்பு. தமிழரசன் குதித்து இறங்கி, யாரிடமாவது கெஞ்சிப் பார்க்கலாம் என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினார். முன்வரிசையில் தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்ததும் கால் அப்படியே நின்றுவிட்டது.

"டேய் தனசேகரா! நீ பாண்டிக்குப் போவலியா?"

"மறியல வெச்சிக்கினு எப்பிடிண்ணே போறது? நாளு குறிச்சதே நாந்தானே."

"அப்ப... வெட்டு ஆர்டரு வந்தது?"

"தெரியும்ண்ணே. வூட்டப் பூட்டிக்கினு ஒரு நாளு கண்ணுல படாம இரு, வெட்டறத அவரே வெட்டிக்கட்டும்னு சொன்னாங்க."

"எவன்டா சொன்னான்?"

தனசேகரன் எழுந்து, கூட்டத்துக்குக் கேட்காமல் அவர் காதோரம் குனிந்தான்.

"அண்ணிதாண்ணே. எங்க வூட்டுக்காரியையும் கூட்டிக்கினு பாண்டி போயிருக்காங்க."