மோச்சி இல்லாத சூப்

"மோச்சி எங்கே?"

குச்சியால் கிண்ணத்தை ஒரு தடவை துழாவிவிட்டுத்தான் சனாயே கேட்டாள். முள்ளங்கி இருந்தது, கேரட் இருந்தது, கோழித் துண்டு இருந்தது. புத்தாண்டு காலை சூப்பில் எது இருந்தே ஆக வேண்டுமோ, அந்த அரிசிக் கட்டி மட்டும் இல்லை.

"வாங்க மறந்துட்டேன் அண்ணி," என்றாள் தம்பி மனைவி நஹோகோ, தலையைக் குனிந்தபடி.

"வாசல்ல வைக்கோல் மாலை கட்ட மறக்கலை. ஜன்னல் துடைக்க மறக்கலை. மோச்சியை மட்டும் மறந்துட்டே. இதுக்குப் பேரு சூப்பா? காய் கழுவின தண்ணி."



சனாயே ஒசாகாவில் வாழ்க்கைப்பட்டவள். வருஷத்துக்கு ஒரு தடவை உத்சுனோமியாவிலிருக்கும் பிறந்த வீட்டுக்குப் புல்லட் ரயிலில் வந்து இறங்குவாள். பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் வாயைத் திறந்துவிடுவாள். இந்தத் தடவை தம்பிக்குப் புத்தாண்டன்றும் ரயில் ஓட்டும் டியூட்டி. அவளைத் தடுக்க ஆளில்லை.

"கறுப்பு பீன்ஸ் என்ன, இப்படிச் சுருங்கிக் கிடக்கு? எங்க ஒசாகாவில முத்து முத்தா இருக்கும்."

"நம்ம பக்கம் இப்படித்தானே அண்ணி வேகவைப்போம்? தோல் சுருங்கற வயசு வரைக்கும் நல்லா இருக்கணும்னு..."

"இந்த வீட்டில பொறந்தவ நான். எனக்கே பாடம் எடுக்கறியா?" என்றவள் அப்பா பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களாப்பா, உங்க மருமக லட்சணத்தை?"

எண்பதைத் தாண்டிய கிஹாச்சி மேஜையைத் தட்டினார்.

"நான் என்னத்தைச் சொல்ல? புத்தாண்டும் அதுவுமா மோச்சி வாங்க மறந்த பொம்பளையை நீ எங்கேயாவது பாத்திருக்கியா? மூளையைக் கழட்டிப் பரண்ல போட்டுட்டா போலிருக்கு."

சனாயேவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்பாவே சொல்லிவிட்டார், இதைவிட என்ன வேண்டும்?

"அதுக்குத்தான்ப்பா சொல்றேன். எங்க வீட்டுக்குப் பக்கத்திலயே ஒரு முதியோர் இல்லம் இருக்கு. ஹோட்டல் தோத்துடும். உங்க உடம்புக்குச் சின்னதா ஏதாவது வந்தாலும் நேரா அங்கேதான். இவளை நம்பி விடறதுக்கில்ல."

"எனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன்."

"நீங்க கவலைப்படாதீங்க. பொண்ணுன்னு நான் ஒருத்தி இருக்கேன்ல."

பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். ஒசாகா மோச்சி, உருண்டை உருண்டையாக. நஹோகோ முகம் வெளுத்ததை அவள் கவனிக்கவில்லை, கவனித்திருந்தால் பொறாமை என்றிருப்பாள். தானே சமையலறைக்குப் போய் வேகவைத்துக் கொண்டுவந்து, அப்பாவின் கிண்ணத்தில் இரண்டைப் போட்டாள்.

"சாப்பிடுங்கப்பா. மக கையால."

கிஹாச்சி கிண்ணத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மகள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். குச்சியால் ஒரு மோச்சியைத் தூக்கினார். அது பசையாக நீண்டுகொண்டே வந்தது. மெதுவாக வாயருகே கொண்டுபோனார்.

தேநீர் ஊற்ற எழுந்த நஹோகோ கால் இடறி அவர் மேலேயே விழுந்தாள். கிண்ணம் கவிழ்ந்தது. சூப்பும் மோச்சியும் பாயெல்லாம் சிதறின.

"அடிப்பாவி," என்றாள் சனாயே. "வருஷத்தோட முதல் சாப்பாட்டைக் கவுத்துட்டியே. இந்தக் குடும்பம் விளங்குமா?"

"கண்ணு பிடரியிலயா இருக்கு?" கிஹாச்சி கத்தினார். "என் கண் முன்னால நிக்காதே, போ. எனக்குச் சாப்பாடும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்." விருட்டென்று எழுந்து போய்விட்டார்.

சனாயே நடையில் நின்று ஒசாகாவிலிருந்த கணவனுக்குப் போன் போட்டாள்.

"எங்கப்பாவைப் பட்டினி போட்டுட்டாங்க. இவளுக்கு வேணும்னே பண்ற குணம். அந்த இல்லத்தில இடம் கேட்டு வைங்க, கையோட கூட்டிட்டு வந்துடறேன்."

சொல்லிவிட்டு அப்பாவைத் தேடினாள். அறையில் இல்லை. மூடியிருந்த சமையலறைக் கதவுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது. இன்னும் நாலு திட்டு விழுகிறது போலும் என்று ஆவலோடு காதைக் கொடுத்தாள்.

"கையில சூப்புக் கொட்டிச்சேம்மா, எரியுதா?"

"இல்ல மாமா. எனக்கு உயிரே போயிடுச்சு. போன மாசம்தான் மோச்சி தொண்டையில அடைச்சு ஆம்புலன்ஸ்ல போனீங்க. இனிமே தொடவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே."

"அதை அவகிட்டச் சொல்ல முடியுமா? சொன்னா நாளைக்கே அந்த ஹோட்டல்ல கொண்டுபோய்த் தள்ளிடுவா. அதுக்காகத்தானே நீ மறந்துட்டேன்னு சொன்னே, நானும் திட்டினேன். இன்னிக்குக் கொஞ்சம் கூடுதலாவே திட்டிட்டேன், மனசில வெச்சுக்காதே."

"திட்டினா என்ன மாமா? நீங்க எங்களோட இருந்தாப் போதும். ஆனா, தெரிஞ்சிருந்தும் அதை ஏன் வாய்கிட்டக் கொண்டுபோனீங்க? அடைச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

கிழவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"என்ன பண்றது? மோச்சியைவிட எனக்கு அவகிட்டத்தாம்மா பயம்."