பத்தாவது ஆள்

"ஜூன் 12. நேற்றுப் போட்ட கணக்கில் ஒரு தவறு" என்று டைரியைத் தொடங்கினாள் செண்பகவல்லி. மாலைக் கல்லூரியில் எம்.ஏ. தத்துவம் சேர, மருந்துக்கடையில் அவள் வாங்கும் ஐந்து மாதச் சம்பளம் வேண்டும். படித்து முடித்தால் வரும் வரவாக, அங்கே பாடம் எடுக்கும் அருளப்பன் சாரின் சம்பளத்தை எழுதியிருந்தாள். இன்று அவரிடமே காட்டினாள்.

சார் சிரித்துவிட்டார். "நல்ல ஆளைப் பிடிச்சே போ! எனக்குச் சம்பளமே நீங்கல்லாம் கட்டுற பீஸ்லதாம்மா. பத்துப் பேர் சேரலேன்னா வகுப்பையே மூடிருவாங்க. இதுவரைக்கும் ஒன்பது."

"பத்தாவது யாரு சார்?"

அவர் அவளையே பார்த்தார். சிரிப்பும் நின்றுவிட்டது. கணக்குத் தாளை நாலாக மடித்து அவள் கையில் கொடுத்தார்.

தாளில் எழுதிய அந்த வரவை அவள் இன்னும் அடித்துவிடவில்லை. கீழே எழுதினாள்: "நாளை ஐந்து மணிக்குள் பணம் கட்ட வேண்டும். இல்லையென்றால், சாரிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும்."