முந்நூற்று இருபது பல்பு

“மேடம், அந்த ரிப்போர்ட்டை மட்டும் கொடுத்துடாதீங்க.”

பெஞ்சில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பூச்சி ஆராய்ச்சி மேடம் நிமிர்ந்து பார்த்தார். மின்மினி பார்க்க வந்த கூட்டம் கலைந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. எதிரே தோப்புக் காவலரின் மகள் நின்றுகொண்டிருந்தாள். பதினாறு வயது. அப்பா அவளைக் கூப்பிடுவது ‘வாலு’ என்று. இன்றைக்கு அந்த வால் சுருண்டு கிடந்தது.

“ஏம்மா, தோப்பு உனக்குப் பிடிக்கலையா?”

பிடிக்காமல் என்ன? அவள் பிறந்து வளர்ந்ததே தோப்பு வாசலில் இருக்கும் அந்த ஒற்றை அறையில்தான். நாளைக் காலை அந்தத் தாள் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தால் தோப்பு பிழைக்கும். மின்மினி இல்லை என்று எழுதினால் மரத்தையெல்லாம் சாய்த்துவிட்டு லாரி நிறுத்தும் இடமாக்கிவிடுவார்கள். அப்பாவுக்கு வேலையும் போகும், அறையும் போகும்.

வாலு சுற்றுமுற்றும் பார்த்தாள். அப்பா இன்னும் ரோட்டில்தான் இருந்தார். ரோட்டோரத்துத் தோப்புப் பெயர்ப்பலகையின் விளக்கு இன்று எரியவில்லை. வழி தெரியாமல் வந்தவர்கள் எல்லாரும் அவரைத்தான் திட்டினார்கள். அதனால் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு முச்சந்தியில் நின்று வண்டிகளை வழியனுப்பிக்கொண்டிருந்தார்.

“நீங்க பார்த்தது மின்மினி இல்ல மேடம்,” என்றாள். “பல்பு.”

மேடம் சிரித்தார். இருபத்திரண்டு வருஷமாகப் பூச்சிகளோடு குப்பை கொட்டுகிறவர். இலையில் உட்கார்ந்தபடியே மின்னுகிற வகை இது, ஒரு மின்னல், பிறகு இரண்டு எண்ணும் நேரம் இருட்டு, கடிகாரத்தை வைத்துச் சரிபார்த்தாயிற்று, தன்னிடமே காது குத்தப் பார்க்க வேண்டாம் என்றார்.

“அந்த ரெண்டு எண்ணிக்கையை செட் பண்ணதே நான்தான். அப்பாவோட பழைய போன்ல ஒரு வீடியோ இருக்கு. நெஜமான மின்மினி இருந்தப்ப எடுத்தது. அதைப் பார்த்துப் பார்த்துப் பண்ணேன்.”

ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. உடைந்த பொம்மை ஒன்றிலிருந்து பிடுங்கிய சின்ன சர்க்யூட், அரிசி அளவில் முந்நூற்று இருபது பச்சை பல்புகள், கறுப்பு மையில் ஊறப்போட்ட மெல்லிய வயர், எல்லாம் எதிரே கயிறு கட்டி மறித்த பெரிய மரத்தின் இலைகளுக்குள். இருட்டினால் தானாக எரியும். விடிந்தால் தானாக அணையும். பூச்சி பயந்துவிடும் என்று சொல்லி எல்லாரையும் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிடுவார் அப்பா. சர்க்யூட்டைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் ஒரு மிடுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

மேடத்தின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. மரத்தைப் பார்த்தார். மின்னல். ஒன்று, இரண்டு. மின்னல்.

“இங்க மின்மினி எப்பலேர்ந்து இல்ல?”

“ரோட்டுல தோப்புப் பேரைப் போட்டுப் பெரிய போர்டு வெச்ச வருஷத்துலேர்ந்து. அது விடிய விடிய எரியும். மொதல்ல கொறஞ்சுது, அப்புறம் ஒண்ணுகூடக் காணோம்.”

அவ்வளவு வெளிச்சம் இருந்தால் ஒரு பூச்சி போடுகிற சிக்னல் இன்னொன்றுக்குத் தெரியாது, எல்லாம் வாயை மூடிக்கொண்டு புல்லுக்குள் பதுங்கிவிடும் என்று மேடம் முணுமுணுத்தார். சொல்லிக்கொண்டே அவர் கண் மரத்திலேயே இருந்தது.

“நான் ஏமாந்துட்டேன்னா சொல்ற?”

“நீங்க மட்டுமில்ல மேடம். ரெண்டு வருஷமா எல்லாருமே. எனக்குத்தான் தூக்கமே வரமாட்டேங்குது. நாளைக்கு யாராவது கண்டுபிடிச்சா அப்பாவைப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்கல்ல? உங்க பேரும் கெட்டுப்போயிடும். அப்பா மேல தப்பு இல்ல, யோசனை என்னோடது. அப்படியே எழுதிக்கோங்க.”

மேடம் ரிப்போர்ட்டை மறுபடி மடியில் விரித்தார். பிறகு, ‘மின்மினிகள் வாழ்கின்றன’ என்ற வரியின்மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். அந்தச் சத்தம் வாலுவுக்கு மரம் அறுப்பதுபோல் கேட்டது.

“தைரியசாலிதான் நீ,” என்றார் எழுந்தபடி. “ஆனா என்னால வேற எதுவும் எழுத முடியாதும்மா.”

“தெரியும் மேடம்.”

“போய் அதை அணைச்சிடு. எனக்குப் பார்க்கவே என்னமோ மாதிரி இருக்கு.”

அதற்குள் அப்பா டார்ச்சோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். மேடம் கிளம்பிவிட்டார் என்ற நினைப்பில், பலகை விளக்கு ஏன் எரியவில்லை என்று தூரத்திலிருந்தே புலம்பல். மரம் ஜம்மென்று மின்னுகிறது, அப்படியென்றால் கரண்ட் இருக்கிறது, பலகையில் பல்புதான் போயிருக்கும், காலையில் ஏணி போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். மேடத்தின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

வாலு டார்ச்சை வாங்கிக்கொண்டு, ஸ்விட்ச் இருக்கும் மோட்டார் கொட்டகைக்கு நடந்தாள். காலையில் மேடம் வருகிறார் என்று அப்பாவும் அவளும் மோட்டார் போட்டுக் கழுவித் தள்ளிய பாதை இன்னும் வழுக்கியது. அழவில்லை. சொல்லிவிட்டதால் நெஞ்சு லேசாகவே இருந்தது.

கொட்டகைக்குள் கையை விட்டு, பழகிய இடத்தில் ஸ்விட்சைத் தட்டினாள். திரும்பிப் பார்த்தாள்.

மின்னல். ஒன்று, இரண்டு. மின்னல்.

மறுபடி தட்டினாள். மரம் கண்டுகொள்ளவே இல்லை. டார்ச் வெளிச்சத்தைச் சுவரில் அடித்தாள், பிறகு மெல்லத் தரைக்கு இறக்கினாள்: பலகைக்கும் மரத்துக்கும் சேர்த்துப் போகிற அந்த ஒரே வயரின் பிளக், காலையில் மோட்டார் மாட்டுவதற்காக அவளே பிடுங்கிப் போட்ட இடத்திலேயே கிடந்தது.