இன்னும் திறக்காத அட்டை

“இன்னும் தொறக்கல ஆன்ட்டி” என்றாள் ஃபிளோரா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

செல்லம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். விடியலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, அதை நிறுத்துக் கொடுத்துவிட்டு, குளித்தும் குளிக்காததுமாகப் புக்கிட் பெலண்டோக் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்தவள். லோபாக்கில் மாடி மேல் இருக்கும் இந்தக் கம்ப்யூட்டர் கடைக்குப் போன வாரமும் இப்படித்தான் வந்தாள்.

நாளைக்கு மெர்டேகா, மலேசியச் சுதந்திர நாள்.

சிங்கப்பூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மகள் முத்துலெட்சுமிக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பத்தான் அன்றைக்கு வந்தது. அட்டைக்குக் காசில்லை, தபால்தலை வேண்டாம், அழுத்தினால் போய்ச் சேர்ந்துவிடும் என்று கடையைப் பார்த்துக்கொள்ளும் இந்த ஃபிளோரா சொன்னதும், இருப்பதிலேயே பெரியதைக் காட்டச் சொன்னாள். கொடி அலையடித்தது. கூடவே பாட்டும் வந்தது. மகள் அதைத் திறந்து பார்த்தால் கடைக்கே தகவல் வரும் என்றும் அந்தப் பெண் சொல்லியிருந்தாள்.

எட்டு நாளாகத் தகவல் இல்லை.

மெஷின் கெட்டுப்போயிருக்கும் என்றாள் செல்லம்மா. முத்துவோடு படித்த பெண்ணிடம் கெஞ்சி வாங்கிய முகவரி, அது தப்பாக இருக்கும் என்றாள்.

முகவரி சரிதான் என்றாள் ஃபிளோரா. யார் அனுப்பியது என்று பெயர்தான் முதலில் தெரியும், அதைப் பார்த்துவிட்டு அழுத்தினால்தான் அட்டை திறக்கும் என்று விளக்கினாள். அதோடு விட்டிருக்கலாம்.

“ஒங்க தோட்டத்து மயிலம்மாள் ஆயா இருக்காங்கல்ல, அவங்களும் இதே அட்ரஸுக்குத்தான் அனுப்புனாங்க. முந்தாநேத்து. அன்னைக்கே தொறந்தாச்சு லா.”

செல்லம்மா நாற்காலியை விட்டு எழுந்து திரைக்கு முன்னால் வந்தாள்.

எந்த அட்டை, காட்டு என்றாள்.

ஒற்றைச் செம்பருத்தி. ஆடவில்லை, அசையவில்லை. பாட்டுமில்லை.

இதைப் போயா திறந்து பார்த்தாள்?

முத்து பிறந்து நாற்பதாம் நாளிலிருந்து, இருட்டோடு அவளைத் துணியில் சுற்றி, மயிலம்மாள் பிள்ளை பார்க்கும் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் செல்லம்மா வெட்டுக்குப் போனாள். தோட்டத்தில் எல்லாத் தாய்க்கும் அதுதான் கதி. ஆனால் மற்ற பிள்ளைகள் மத்தியானம் தாயைக் கண்டதும் ஓடி வரும். முத்து மட்டும் மயிலம்மாளின் முந்தானைக்குள் முகத்தை ஒளித்துக்கொள்ளும். செல்லம்மாவின் மேலெல்லாம் ரப்பர் பால் புளித்த வாடை.

இன்றைக்கு உன் மகள் எழுந்து நாலு எட்டு வைத்தாள் என்று மயிலம்மாள் ஒருநாள் வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். அந்த வாயிலேயே ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

மெர்டேகா வந்தால் ஆயா பிள்ளைகள் கையில் காகிதக் கொடியைக் கொடுத்துத் திடலைச் சுற்றி நடத்திப் போவாள். விடுமுறையில் வெட்டினால் இரட்டைச் சம்பளம். செல்லம்மா மேட்டு நிரையில் மரத்தோடு மரமாக நிற்பாள். கீழேயிருந்து கூச்சல் மட்டும் ஏறி வரும். அதில் தன் பிள்ளையின் குரல் எது என்று ஒரு வருஷம்கூட அவளால் பிரித்துக் கேட்க முடிந்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன், வேதக்காரப் பையன் பெர்னார்டைத்தான் கட்டுவேன் என்று முத்து வந்து நின்றாள். இனி என் வாசப்படி மிதிக்காதே என்றாள் செல்லம்மா. அவளும் மிதிக்கவில்லை. மாதா கோயிலில் கல்யாணத்தன்று தாய் நிற்க வேண்டிய இடத்தில் மயிலம்மாள் நின்றாளாம். திரும்பி வந்து கல்யாண லட்டை ஒரு பெட்டியில் போட்டுச் செல்லம்மா வாசலில் வைத்துவிட்டுப் போனாள். செல்லம்மா தொடவில்லை. இரண்டு நாள் எறும்பு சுமந்தது.

மகள்மேல் இருந்த கோபம் எப்போதோ கரைந்துவிட்டது. மயிலம்மாள்மேல் இருப்பதுதான் கரையவில்லை.

அம்மா பேசினது தப்பு, வீட்டுக்கு வா என்று போன வாரம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். நாற்பது வயதுக்கு மேல் ராத்திரி வகுப்பில் உட்கார்ந்து கற்ற எழுத்து. மெஷினுக்குத் தமிழ் தெரியாதாம். ஃபிளோராதான் அதை இங்கிலீஷ் எழுத்தில் தட்டிவிட்டாள். கொடிக்கு அடியில் அந்த வார்த்தைகள் எட்டு நாளாகக் கிடக்கின்றன.

இன்னொன்று அனுப்ப வேண்டும் என்றாள் செல்லம்மா.

ஃபிளோரா உற்சாகமாக ஒவ்வொன்றாகக் காட்டினாள். வாணவேடிக்கை வெடித்தது. இரட்டைக் கோபுரம் மின்னியது. புலி கொடி பிடித்து ஆடியது. செல்லம்மா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். சத்தமில்லாததாக, சின்னதாக ஒன்று போதும். கடைசியில் ஒரு மல்லிகைச் சரத்தில் விரலை வைத்தாள்.

எழுத வேண்டியதைப் போன தடவை எழுதியபடியே போட்டுவிடலாமா என்று கேட்டாள் ஃபிளோரா.

இல்லை. செல்லம்மா ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

“ஒங்கம்மாவுக்கு ஒரு வரி எழுதிப் போடு கண்ணு. அவ பாவம்.”

ஃபிளோராவின் விரல்கள் பாதியில் நின்றன. திரும்பிப் பார்த்தாள். பிறகு மீதியையும் தட்டினாள்.

அதற்குக் கீழே, அனுப்புகிறவர் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. செல்லம்மா என்று ஃபிளோரா அடிக்கத் தொடங்கியதும், பால்கறை ஏறிய கை ஒன்று வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

“எம்பேரு வேணாம். மயிலம்மாள்னு போடு. அப்பத்தான் தொறப்பா.”