மூணாவது பாட்டு

உசுரோடு இருந்த சித்தப்பாவைச் சாகடித்துவிட்டு யோகலட்சுமி போனது மதுரைக்கு. பாப் பாடகி ஜெனிட்டாவின் கச்சேரிக்கு!

தீபாவளி சீசனில் பட்டாசுக் கம்பெனியில் லீவு ஏது? வீட்டில் சாவு விழுந்தால் மட்டும் ஒரு நாள். அதனால்தான் அப்படிச் சொன்னாள். போர்மேன் முத்துக்கருப்பனும், "சரி தாயி, போயிட்டு வா" என்று விட்டுவிட்டார்.

அது நடந்து ரெண்டு மாசம். இப்போது அந்தக் கச்சேரி சிடியாக வெளிவந்து தொலைத்துவிட்டது.

ஆயுத பூஜைக்குக் கம்பெனி வாசலில் பந்தல், வாடகை டிவி. வேன் டிரைவர் பாண்டிமுருகன் சிடியைத் தூக்கிக் காட்டினான்.

"புது ரிலீசு! நம்ம மதுரையில எடுத்தது. கண்டதைப் போடக்கூடாதுன்னு போர்மேன் அண்ணாச்சி நேத்தே வீட்டுல போட்டுப் பார்த்துட்டாக!"

யோகலட்சுமி சட்டென்று போர்மேன் பக்கம் திரும்பினாள். பார்த்துவிட்டாரா?

முன்வரிசையில் முதலாளி. பொய் சொல்லி லீவு போட்ட ரெண்டு பேரைப் போன வாரம்தான் வேலையைவிட்டு அனுப்பியிருந்தார். வீட்டிலோ படுத்த படுக்கையாய் அப்பா. அவள் வேலையும் போனால் உலை ஏறாது.

"துப்பட்டாவால முகத்தை மூடிக்கிட்டுத்தானே ஆடுனே? பிறகென்னடி பயம்?" காதைக் கடித்தாள் கூட்டாளி ரோஜா.

"முகத்தை மூடினேன்டி. கையை?"

வெடிமருந்து அறையில் அலுமினியப் பவுடர் அள்ளுகிற கை. எம்புட்டுத் தேய்த்தாலும் வெள்ளி போகாது. கச்சேரி விளக்கில் அது பளபளத்ததை அவளே பார்த்தாள். இங்கன இருக்கிற அத்தனை பேருக்கும் அந்தக் கை தெரியும்.

ரெண்டு பாட்டு முடிந்தது. அன்றைக்குக் கச்சேரியில் மூணாவதில்தான் கேமரா அவள் பக்கம் வந்தது. ஐயோ, மாரியாத்தா!

முத்துக்கருப்பன் திரும்பி அவள் கையை ஒருதரம் பார்த்தார். போச்சு! கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

மூணாவது பாட்டு. கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பியது. கைகள் உயர்ந்தன...

படம் கட்டம் கட்டமாய் உடைந்து நின்றது.

"ஏலே, ஓட்டை சிடியா வாங்கிட்டு வந்தே?" முதலாளி எழுந்தார். "பொரியைக் குடுங்க, கிளம்புவோம்."

பொரிப் பொட்டலத்தை நீட்டும்போது முத்துக்கருப்பன் குரலைத் தாழ்த்தினார்.

"போடாதேன்னா முதலாளி ஏன்னு கேப்பாரு. அதான் ராத்திரியே ஊசியால கீறி வச்சுட்டேன்."

அவள் துப்பட்டாவிலிருந்து கையை வெளியே எடுத்தாள். "அண்ணாச்சி, சித்தப்பா சாகலை. நான் பொய்..."

"தெரியும் தாயி. மறுநாளே துட்டி கேக்க மாலையோட உங்க வீட்டுக்கு வந்தேன். தெருமுக்குல வழி கேட்டா, 'நான்தான் யோகலட்சுமி சித்தப்பா, வாங்க'ங்காரு! மாலையை மறைச்சுக்கிட்டுத் திரும்பிட்டேன்."

"அன்னைக்கே தெரியுமா? பிறகு ஏன் ஒண்ணும் கேக்கலை?"

அவர் பொரியை அவள் வெள்ளிக் கையில் வைத்து அமுக்கினார்.

"ஆறு வருசத்துல நீ கேட்ட ஒரே லீவு. பாட்டுக் கேக்கணும்னு உள்ளதைச் சொல்லியிருந்தா விட்டிருப்பேனா? உங்க சித்தப்பாவைக் கொன்னது நீ இல்ல தாயி, நான்தான்."