திரும்பும்போது நிறை

சிறிய விமானம் என்பதால் விமானி எல்லோருடைய நிறையையும் கேட்டிருந்தார். வீட்டு எஜமானி சின்யோரா தராசில் ஏறினார், அவர் கணவர் ஏறினார், நாயையும் நிறுத்தார்கள். கடைசியாக அமலினி தராசில் ஏறினாள். ஐம்பத்துநான்கு கிலோ. சகாராவில் நான்கு நாட்கள் தங்குகிறார்கள். சமைக்க அவளும் போகிறாள். லிபெர்த்தா வீதியில் இந்த வீட்டில் வேலைக்கு வந்து அவளுக்குப் பதினோராவது வருடம்.

மாலையில் பயணத்தாள் சமையலறை மேசையில் கிடந்தது. போகும்போது ஒரு நிரல், திரும்பும்போது ஒரு நிரல். நாய்க்கு இரண்டிலும் ஒன்பது கிலோ. அவளுக்குப் போகும்போது ஐம்பத்துநான்கு, திரும்பும்போது பூச்சியம்.

கீழே அவளுடைய ஒப்பமே இருந்தது. பெர்மெசோ, வதிவிட அனுமதி, புதுப்பிக்க என்று சின்யோரா நீட்டும் தாள்களை அவள் ஒருநாளும் வாசித்ததில்லை. பக்கத்தில், சாட்சியாக, அவள் கணவன் கொட்வினின் ஒப்பம்.

பஸ் பிடித்து சீசாவில் இருந்த தன் வீட்டுக்கு வந்தாள். கொட்வின் மேசையில் சோறு போட்டு வைத்திருந்தான்.

"உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஓம். போன கிழமை சின்யோரா கூப்பிட்டுக் கதைச்சவ."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். அவன் கதிரையை இழுத்துவிட்டான்.

"உம்மட முப்பத்தோராம் நாள் ஆத்துமப் பூசைக்குப் பங்குச் சுவாமியிட்டைச் சொல்லிப்போட்டன். இரும், கறி ஆறப்போகுது."